மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்த வண்டி

நாற்பத்தொரு வருடம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஓட்டினேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஓட்டியதெல்லாம் மற்றவர்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதற்கு எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

பலவிதமானவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒருவர் பத்திரம் எழுதுகிறவர். நிதானமான மனிதர். அவர் முதல் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே வேலியோரத்துச் சுரைக்கொடி பின்சக்கரத்தில் ஏறிப் படர்ந்துவிட்டது. தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு காய் பிடித்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இன்னொருவருக்கு ரிவர்ஸ் மட்டும்தான் வந்தது. எவ்வளவு முட்டியும் வண்டியை முன்னால் எடுக்க வரவில்லை. கல்யாணத்தன்று பெண் வீட்டுக்குப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வர முன்னால் ஓட்ட வேண்டுமே? மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவரை வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் ஏசியது. காரணம் கியர் என்பது எனக்குத்தான் தெரியும்.

நம்பாதவர்களுக்குச் சாட்சியும் வைத்திருந்தேன். பழைய மாணவர் யாரையாவது வீட்டுக்கு அழைத்து வருவேன். அவர் நெஞ்சில் கைவைத்து, "ஆமாக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன், என் கண்ணால பார்த்தேன்" என்பார். என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு டீ போட உள்ளே போவாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை டீ போட்டிருப்பாள் என்று தெரியாது.

டிரைவிங் பள்ளியை மூடியபோது கடைசி வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். கூரையிலிருந்த பலகையைக் கழற்றினேன். பக்கத்து சீட்டின் கால்மாட்டில் மாஸ்டருக்கென்று இருக்கும் இரண்டு பெடல்களை மட்டும் கழற்றவில்லை. இடது பக்கம் கிளட்ச், வலது பக்கம் பிரேக். ஓட்டுகிறவர் தவறினால் மாஸ்டர் இங்கிருந்தே மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம், இரண்டு பக்கமும் கம்பியால் பிணைத்திருக்கும். "இனி யாருக்குங்க அது?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "இருக்கட்டும், உனக்கு ஒரு பதவி" என்றேன். பிறகு பயந்துகொண்டு, "ஆனா அதுல காலை வெச்சுடாதே, பக்கத்துல எதையும் வைக்காதே" என்றும் சொன்னேன். அதிலிருந்து அந்த சீட்டில் இரண்டு காலையும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். இன்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரி இருக்கும்.

அன்றைக்குக் காலையில் அவளுடைய புதுக் கண்ணாடியை வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நான் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. "பிரேக் பிடிக்கலை!" என்று கத்தினேன். அப்படிக் கத்தியது நான் செய்த இரண்டாவது பெரிய தப்பு. முதல் தப்பைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டியரிங்கை என் பக்கமாக ஒடித்தேன். அதனால் லாரியின் பின்பக்கத்து இரும்புக் கட்டை அவள் பக்கம் போய் இறங்கியது. எனக்கு மோவாயில் ஒரு கீறல். அதற்கும் பிளாஸ்திரி ஒட்டினார்கள். மூன்றாம் நாள் அது தானாக உதிர்ந்துவிட்டது. அவளுக்கு முதுகெலும்பில் அடி. "இடுப்புக்குக் கீழ இனிமே..." என்று டாக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை. நல்லவர், வாக்கியத்தை எங்களிடமே விட்டுவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். நொறுங்கிய வண்டி அதுவரை காவல் நிலையத்துக்குப் பின்னால் கிடந்தது. அதை எந்தப் பட்டறையில் விடுவது என்பதுதான் வீட்டில் அடுத்த பேச்சு. என் மகன் பெரிய கம்பெனி ஒர்க்ஷாப் ஒன்றைச் சொன்னான். "இன்ஷூரன்ஸ், பேப்பர் எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்குவாங்கப்பா. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"கொக்குகிட்ட காட்டிடலாம்டா" என்றேன்.

கொக்கு என்பது எங்கள் பள்ளி வண்டிகளுக்கு வாடிக்கையாக டிங்கர் வேலை பார்த்தவர். என் மாணவர்கள் இடிக்காத சுவர் இந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் அவருக்கும் எனக்கும் வாரம் தவறாத உறவு. நசுங்கலைக் கண்டால் சுத்தியலை எடுக்கமாட்டார். ஒற்றைக் காலை மடக்கி வண்டியில் சாய்ந்து, கழுத்தை நீட்டி, அரைமணி நேரம் அதையே பார்ப்பார். அப்புறம் சொல்லுவார்: "இது மதில் சுவர். மதில்ல பூனை உட்கார்ந்திருந்துச்சு. பூனையைப் பார்த்தாரு, ரோட்டைப் பார்க்கல." விசாரித்தால் பூனை உட்பட எல்லாம் சரியாக இருக்கும். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை. நானும் கதை சொல்கிறவன்தான். ஆனால் என் கதைக்கு ஆதாரம் கிடையாது.

அவரிடம் நான் ஒன்றுக்காகத்தான் போனேன். பிரேக் போய்விட்டது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், நான் ராத்திரி தூங்கிவிடுவேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டோம். தகரக் கொட்டகை. சுவரில் பெயிண்ட் தெறித்துத் தெறித்து எந்த நிறமென்று சொல்ல முடியாத ஒரு நிறம். கொக்கு வழக்கம்போல நின்றார். அரைமணி ஆனது. முக்கால் மணி ஆனது. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து நசுங்கல் வரைக்கும் அளந்தார். பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார், விட்டார், மிதித்தார். என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க மாஸ்டர்?"

"படுத்திருக்கா. நீ வண்டியைச் சொல்லு."

"பிரேக் கல்லு மாதிரி நிக்குது."

"அன்னைக்கு நிக்கலைய்யா."

"மாஸ்டர், இப்படி வாங்க. பிரேக் மிதிச்சா வண்டி என்ன பண்ணும்? மூக்கைக் குனியும். இவ்வளவு வேகத்துல மிதிச்சிருந்தா நல்லாவே குனிஞ்சிருக்கும். லாரிக் கட்டை பானெட்டு மேல ஏறியிருக்கணும். பிரேக்கே இல்லாம சும்மா போயிருந்தா, இந்தா, இந்த இடத்துல பட்டிருக்கணும்." கையை இன்னும் கீழே இறக்கினார். "இது பம்பரையே பிடிச்சிருக்கு. வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கு."

"மூக்கைத் தூக்கிக்கிட்டுன்னா?"

அவர் டேப்பைச் சுருட்டினார். நாற்பத்தொரு வருடம் கற்றுக்கொடுத்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்பதுபோல நின்றார். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்தான் வண்டி மூக்கைத் தூக்கும்.

"உனக்குக் கண்ணு போச்சுய்யா" என்றேன்.

"போயிருக்கலாம். டேப்புக்குக் கண்ணு போகாது மாஸ்டர்."

மறுநாளே வண்டியை அங்கிருந்து எடுத்துவிட்டேன். மகனிடம், "நீ சொன்ன இடத்துலயே விட்டுடலாம்டா, கொக்குக்கு வயசாயிடுச்சு" என்றேன். கொக்கு என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

கம்பெனி ஒர்க்ஷாப்பில் தரை என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருந்தது. கழுத்தில் டை கட்டிய ஒருவர் எங்களை ஏசி அறையில் உட்கார வைத்தார். வண்டியின் பக்கம் அவர் ஒரு தடவை போனார். செல்போனில் ஒரு படம் எடுத்தார். கழுத்தை நீட்டவில்லை, அளக்கவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

"விபத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். என்ன போடட்டும்?"

"பிரேக் கோளாறு" என்றேன்.

"போட்டுடலாம் சார்."

போட்டுவிட்டார். சுரைக்காய்க் கதைக்குக்கூட ஒரு சாட்சி தேவைப்பட்டது எனக்கு. இங்கே ஒரு கட்டம் போதுமாயிருந்தது.

"முன்பக்கம் முழுசையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சிடுவோம். பழசு அப்படியே நசுக்குற மெஷினுக்குப் போயிடும். அடிபட்ட வண்டின்னு நீங்களே சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க சார்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒர்க்ஷாப்ல என்ன சொன்னாங்க?" கொக்கு சொன்னதை நான் எப்படிச் சொல்வது? "இன்னும் பார்க்கலையாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எட்டு நாள் கழித்து அந்தக் காகிதம் வந்தது. மருந்து கொண்டுபோகிறவனைப் போல அதை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"பிரேக் கோளாறுன்னு எழுதியிருக்கு பாரு. யாரு மேலயும் தப்பில்லை."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அழத் தொடங்கினாள். இடுப்புக்கு மேலே மட்டும் அழுகிற உடம்பைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம்.

"அப்ப நான்தான்."

"என்ன நீதான்?"

"உங்களுக்குத் தொண்டை வறண்டுபோகுமேன்னு தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்தேன். மடியில வெச்சா நனையுதுன்னு கீழ வெச்சேன். வைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க! நீங்க பிரேக் பிடிக்கலைன்னு கத்தினதும் குனிஞ்சு பார்த்தேங்க. பாட்டிலைக் காணோம். என் பக்கத்துப் பெடலுக்கு அடியில உருண்டு போயிருக்கு. அது முட்டுக் கொடுத்தா உங்க பிரேக் எப்படி இறங்கும்?"

இரண்டு பெடலும் பிணைந்தவை என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். நல்ல மாணவி. ஒரு சொல் மறக்கவில்லை.

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"ரெண்டு மாசமா இதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். வேற ஏதாவது சொல்லிடமாட்டாங்களான்னுதான் தினம் கேட்டேன். என் காலை நானே ஒடிச்சுக்கிட்டேன், அது போகட்டும். உங்க உயிருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி லாரியை நினைத்தேன். அது நிற்பதை நினைத்தேன். என் வலது கால் தானாகப் போய்த் தரையில் அழுத்தியது. எங்கே அழுத்தியது என்று குனிந்து பார்த்தேன். வலது ஓரத்தில்.

மாஸ்டரின் சீட்டில் வலது ஓரத்தில் இருப்பது பிரேக். டிரைவர் சீட்டில் வலது ஓரத்தில் இருப்பது ஆக்ஸிலேட்டர். சாதாரணமாக ஓட்டும்போது புத்தி ஓட்டுகிறது, தப்பு நேராது. பயம் வந்தால் கால்தான் ஓட்டுகிறது. என் காலுக்கு நாற்பத்தொரு வருடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஆபத்தா, வலது ஓரத்தை மிதி. மிதித்தேன். நிற்கவில்லை என்று இன்னும் மிதித்தேன். காரோட்டத் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. நன்றாகத் தெரிந்தவனும் செய்ய முடியாது. மாஸ்டர்தான் செய்ய முடியும்.

அப்போதே கம்பெனி ஒர்க்ஷாப்புக்கு ஓடினேன். வண்டி லிஃப்டின் மேல் நின்றது. புது மூக்கு வைத்தாகிவிட்டது.

"பழைய பம்பர் எங்க தம்பி? கீழ ஒரு தண்ணி பாட்டில் கிடந்திருக்குமே?"

"எல்லாம் நேத்தே மெஷினுக்குப் போயிடுச்சே சார்."

"படம் எடுத்தீங்களே, அது?"

டை கட்டியவர் தேடி எடுத்துக் காட்டினார். நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே அவருடைய கட்டைவிரல் இன்னும் தெளிவாக இருந்தது.

அன்று மாலை அவளுடைய கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். வாழ்நாளில் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நான் சொன்ன முதல் கதை அது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"எனக்காக இப்படி ஒண்ணு யோசிச்சீங்களாக்கும்."

"யோசிக்கலம்மா. நடந்தது."

"ரெண்டாயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷன் பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிப்பாரா? சொல்றதைக் கொஞ்சம் பொருந்தச் சொல்லக் கூடாதா?"

மகனிடம் சொன்னேன். அவன் என் தோளில் கைவைத்தான். "அம்மாவுக்காகச் சொல்றீங்கன்னு புரியுதுப்பா. வீட்டோட வெச்சுக்கோங்க. வெளியில சொன்னா இன்ஷூரன்ஸ்காரன் நிஜம்னு எடுத்துக்குவான்."

மிச்சமிருந்தது கொக்கு ஒருவர்தான். வெட்கத்தை விட்டுப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.  சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். கூடத்தில் அவள் கட்டிலருகே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குனிந்த மூக்கு, நிமிர்ந்த மூக்கு, கட்டை பட்ட இடம், எல்லாவற்றையும் கையாலேயே வரைந்து காட்டினார். எனக்கே இவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"எவ்வளவு வருஷமா இவரைத் தெரியும் உங்களுக்கு?"

"முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்க்கா."

"அதான். பாவம், உங்களையும் இழுத்துட்டு வந்துட்டாரு."

"அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். என் கண்ணால பார்த்தேன்."

அவர் நெஞ்சில் கைவைத்துத்தான் அதைச் சொன்னார். வைக்காமல் இருந்திருக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "டீ போட்டுக் கொடுங்க அவருக்கு. என்னால இனி எழுந்து போட முடியாது."

நான்தான் போட்டேன். கொக்கு அதைக் குடிக்க முடியாமல் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வண்டி மட்டும் இருந்தா இந்தக் கட்டிலை வெளியில தூக்கிட்டு வந்து காட்டியிருப்பேன் மாஸ்டர்" என்றார். "என்கிட்டயே விட்டிருக்கலாம்." குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டைக்காவது போயிருப்பேன்.

பத்து நாளில் வண்டி வந்தது. சொன்ன சொல் தவறாதவர்கள்: அடிபட்ட வண்டி என்று யாரும் நம்பமாட்டார்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறது. பக்கத்து சீட்டுப் பெடல்களைக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மகன் அதை ஜன்னலுக்கு நேரே நிறுத்தினான். அவள் திரையை இழுத்துவிடச் சொன்னாள். அதிலிருந்து கூடத்தில் பகலிலும் விளக்கு எரிகிறது.

பார்க்க வருகிறவர்களிடம் அவளே தொடங்குகிறாள். "என்னாலதான். பாட்டிலை அங்க வெச்சிருக்கக் கூடாது." உடனே நான், "இல்லைங்க, நான்தான். ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டேன்" என்கிறேன். வந்தவர்கள் அவளைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போகும்போது தன் கணவரிடம், "பார்த்தீங்களா? பொண்டாட்டி மேல பழி வரக் கூடாதுன்னு அந்த மனுஷன் தன் தலையில போட்டுக்கிறாரு. நீங்களும் இருக்கீங்களே" என்றார். அந்த மனிதர் அதிலிருந்து தெருவில் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் கும்பிடுகிறார்கள். பொய் சொன்ன காலத்தில் என்னை யாரும் கும்பிட்டதில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரை. நான் தலையைத் தூக்கிப் பிடிப்பேன், அவள் தண்ணீர் குடிப்பாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

"என்னங்க, என்னை மன்னிச்சிட்டீங்கல்ல?"

முதல் வாரம், "மன்னிக்க ஒண்ணுமே இல்லம்மா, தப்பு என்னுது" என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்ன நாளெல்லாம் நான் மன்னிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டாள். மாத்திரை வேலை செய்யவில்லை. விடியும்வரை திரைத்துணியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது வேறு மாதிரி சொல்கிறேன்.

"மன்னிச்சிட்டேன்" என்கிறேன்.

அதை மட்டும் நம்புகிறாள். கையை விட்டுவிட்டுத் தூங்கிப்போகிறாள்.